பாட்டு முடிந்தால் பூட்டும் கதவு

மேடை ஏறியதும் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு குடை.

அதோ, அந்த ஜன்னலுக்கு வெளியே. தெருப்பக்கம் தரை தாழ்வு என்பதால் ஆள் தெரியவில்லை. கறுப்புக் குடையின் உச்சி மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிறது, நிற்கிறது, திரும்பி வருகிறது. இத்தனை பேர் கூடியிருக்கும் அவையில் என்னை உற்றுப் பார்க்காமல் தன் வேலையைத் தான் பார்த்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். ஆகவே என் முதல் வணக்கத்தைக் கூச்சமில்லாமல் அந்தக் குடைக்குச் சொல்லிவிடுகிறேன்.

வரிசை தப்பிவிட்டது என்று சூப்பர்வைசர் அண்ணன் பல்லைக் கடிக்கிறார். திருத்திக்கொள்கிறேன்.

விழாவின் தலைவரும், இந்தத் தையல் ஆலையின் முதலாளியும், மூச்சுக்கு மூச்சு பெண் விடுதலையை முழங்கி முடித்து இப்போது தொண்டை வறண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவருமான ஐயா அவர்களே! அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, அவர் சிரித்தபோதெல்லாம் சிரித்த மேனேஜர் அவர்களே! இடப்பக்கம் அமர்ந்து, அவர் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்பாகவே சிரித்த கணக்கர் அவர்களே! மேடை ஓரத்தில் நின்று, நான் என்ன உளறிவிடுவேனோ என்று என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருக்கும் சூப்பர்வைசர் அண்ணன் அவர்களே! பெண்ணின் பெருமையைப் பேச ஆண்கள் மட்டுமே அமர்ந்திருக்கும் இம்மேடையில், பெண்களின் சார்பாக இடம்பிடித்துக் காத்திருக்கும் காலி நாற்காலியே! முன்வரிசைப் பெரியவர்களே! தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அதே ஸ்டூலில் அதே முதுகுவலியோடு அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே, அக்காமார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் முகம் உங்களுக்குத் தெரியும். என் குரல் தெரிந்திருக்காது. எனக்கே அவ்வளவாகப் பழக்கமில்லை. தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டுவது என் வேலை. அதனால் என் பேரே பிசிறு என்று ஆகிவிட்டது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. நான் நின்றதை வகுப்பில் யாரும் கவனிக்கவில்லை. இருந்ததையே கவனிக்காதவர்கள் நின்றதையா கவனிப்பார்கள்?

அப்படிப்பட்டவள் எப்படி ஒலிபெருக்கி முன் வந்து நிற்கிறாள்? நல்ல கேள்வி. இன்றைய சிறப்பு விருந்தினர் நம் பாடகியம்மா. இந்த விழா கொண்டாடுகிற அந்தப் பாட்டை ஐம்பது வருடத்துக்கு முன்னால் பாடிய அதே பாடகியம்மா. அவர் வரத் தாமதம். சாலையில் நெரிசலாம். ஐயா பேசி முடித்தார், மேனேஜர் பேசி முடித்தார், கணக்கரும் கணக்கில்லாமல் பேசி முடித்தார். நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது. சூப்பர்வைசர் அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார்.

"ஏ பிசிறு, அம்மா வர்ற வரைக்கும் கூட்டம் கலையாம ஏதாவது பேசு."

"என்னண்ணே பேசறது?"

"அந்தப் பாட்டு உன் வாழ்க்கைய எப்படி மாத்துச்சுன்னு பேசு. பெண்மை, பொறுமை, பெருமை, இந்த மூணையும் நடுநடுவுல போட்டுக்கோ. போதும்."

போட்டுவிட்டேன் அண்ணே. மூன்றையும் சொல்லிவிட்டேன். அவற்றில் நடுவில் இருப்பதைத்தான் இந்த ஆலையில் எங்களுக்குத் தாராளமாகக் கொடுக்கிறீர்கள்.

ஆனால், தாய்மார்களே, நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் அதுவல்ல. இந்த மேடையில் ஐயாவிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. என் அக்காவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். "நான் கேக்குறேன்க்கா" என்றபோது அவள் சிரித்தாள். "நீயா? பக்கத்து வீட்டுல உப்பு வாங்கிட்டு வான்னாலே வாசல்ல நின்னு பாத்துட்டுத் திரும்பி வர்றவடி நீ" என்றாள். ஆகவே, இடையில் நான் அழுதாலும் இருமினாலும் அதைப் பேச்சின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் மட்டும் இறங்க மாட்டேன்.

முதலில் பாட்டு.

அந்தப் பாட்டு வருவதற்கு முன் வானொலியில் பெண்கள் பாடியதெல்லாம் என்ன? காத்திருக்கும் பாட்டு. வாசலில் காத்திருப்பாள், ஜன்னலில் காத்திருப்பாள், நிலவைத் தூது அனுப்பிவிட்டு அது திரும்பி வரும்வரை காத்திருப்பாள். வந்தானா? வரவில்லை. போனாளா? போகவில்லை. அப்படிப்பட்ட காலத்தில், கிட்டார் கிணுகிணுக்க, டிரம்ஸ் தடதடக்க, இன்றைய என் வயதைவிட இரண்டு மூன்று வயதே கூடிய ஒரு பெண் துணிந்து பாடினாள்:

"எங்கே போறேன்னு கேக்காதே,
என் செருப்புக்குத் தெரியும் வழி!
எப்போ வருவேன்னு கேக்காதே,
என் கதவுக்குத் தெரியும் ஒலி!"

என்ன பாட்டு! என்ன துள்ளல்! என்ன துணிச்சல்! என் அம்மா சொல்வாள்: அந்தப் பாட்டு வந்தால் அவள் அப்பா எழுந்துபோய் ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பாராம். இவள் அடுப்படியில் சத்தத்தைக் கூட்டுவாளாம். ரேடியோவை அல்ல, பாத்திரத்தை. ஒரு வீட்டில் ரேடியோவே ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் பறந்ததாம். தெருவில் விழுந்த பிறகும் அது பாடிக்கொண்டிருந்தது என்பாள் அம்மா. அது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும்.

ஐம்பது வருடம் ஆயிற்று. அந்தப் பாட்டு அழிந்ததா? இல்லை. அடங்கியதா? இல்லை. அது இல்லாத இடமே இல்லை. தொலைக்காட்சியில் சோப்புத்தூள் விளம்பரத்துக்கு அதுதான் பாட்டு. "எங்கே போறேன்னு கேக்காதே" என்று ஒருத்தி துள்ளிக் குதித்து ஓடுகிறாள். எங்கே ஓடுகிறாள்? கேட்காதே என்றாலும் காட்டிவிடுகிறார்கள்: கணவனின் சட்டையைத் துவைக்க. நம் சூப்பர்வைசர் அண்ணனின் கைப்பேசியில் யார் அழைத்தாலும் அதே பாட்டுத்தான். அண்ணி அழைத்தாலும் அதுதான் பாடும். அண்ணன் ஒரு வரி ரசித்துக் கேட்டுவிட்டு எடுப்பார். எடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி: "எங்க இருக்க? யாரக் கேட்டுப் போன?"

சிரிக்காதீர்கள். அண்ணன் வருத்தப்படுவார்.

இப்படி ஊரே அந்தப் பாட்டைக் கொண்டாடும்போது நம் முதலாளி ஐயா மட்டும் சும்மா இருப்பாரா? மற்ற ஆலைகளில் வேலை தொடங்கச் சங்கு ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள். பெண்களுக்கு மணியடிப்பது மரியாதையில்லை என்று ஐயா நினைத்தார். எங்களுக்காக அந்தப் பாட்டையே போடச் சொன்னார். பாட்டு தொடங்கும்போது இந்தக் கூடத்தின் கதவு திறக்கும். பாட்டின் இரண்டாவது சரணம் முடிந்ததும் கதவு சாத்தப்படும். இந்தக் கூடத்துக்குக் கதவு அது ஒன்றுதான். அதற்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். தாழ்ப்பாளில் ஒரு பூட்டு. அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் வகை. ஆகவே, பூட்டுவதற்கு வாட்ச்மேன் மாமா போதும். திறப்பதற்குச் சூப்பர்வைசர் அண்ணன் வேண்டும். சாவி அவர் பேன்ட் பையில். அவர் அறை முற்றத்துக்கு அந்தப் பக்கம். சாப்பாட்டுக்கு ஒருமுறை திறப்பார், வேலை முடிந்ததும் ஒருமுறை திறப்பார். எதற்கு வெளிப்பக்கம் பூட்டு என்று கேட்டால், "சட்டை திருட்டுப் போயிடும்" என்பார். நாங்கள் திருட்டுப் போகாமல் இருப்பது அதனால் கிடைத்த உபரி நன்மை.

நான் சேர்ந்த முதல் நாள், பாட்டு ஒலிக்கத் தொடங்கியது. தெருவெல்லாம் பெண்கள். நான் என்ன பார்த்தேன் தெரியுமா? ஒருவர் உதடும் அசையவில்லை. எல்லோர் காலும் அசைந்தது. ஓவர்லாக் மெஷினில் வேலை செய்யும் சித்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியபடியே பாடம் சொன்னார்:

"செருப்புக்குத் தெரியும் வழின்னு வர்றப்ப மருந்துக்கடையத் தாண்டியிருக்கணும். மொதல் சரணத்துல ரோட்டக் கடந்துடணும். ரெண்டாவது சரணத்துல 'சிறகு'ன்னு ஒரு வார்த்த வரும் பாரு, அப்ப நம்ம கால் படியில இருக்கணும்டி. இல்லன்னா அரைநாள் சம்பளம் போச்சு."

"பாட்டு நல்லாருக்கே சித்தி."

"பாட்டா? அதை யாருடி கேட்டா? ஓடு!"

எங்கே போகிறாய் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

இதில் ஒரு சின்னச் சம்பவம் சொன்னால் சித்தி கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும். பட்டன் தைக்கும் அக்கா ஒருத்தியின் தம்பிக்குக் கல்யாணம். எல்லோரும் போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்து பாதிச் சாப்பாடு ஆகியிருக்கிறது. மேடையில் பாட்டுக் கச்சேரிக்காரர்கள் அந்தப் பாட்டை எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். சித்தி எச்சில் கையோடு எழுந்தார். பக்கத்து இலைக்காரரின் பையைத் தன் சாப்பாட்டுப் பை என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நாற்காலிகளைத் தாண்டி, போட்டோ எடுப்பவரைத் தள்ளி, மாப்பிள்ளையின் மாமனாரை இடித்து, மண்டப வாசலுக்கு ஒரே ஓட்டம். வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, நம் கதவு இது இல்லை என்று. திரும்பிப் பார்க்கிறார்: பின்னாலேயே நம் ஆலையின் பெண்கள் அத்தனை பேரும். நானும்தான்.

சிரித்து முடித்தீர்களா? முடியுங்கள், காத்திருக்கிறேன். எனக்குக் காத்திருந்து பழக்கம்.

அன்று அந்த வாசலில் நாங்கள் மூச்சு வாங்க நின்றபோதுதான் ஒன்று நடந்தது. இரண்டாவது சரணம் முடிந்தது. பாட்டு நிற்கவில்லை. சித்தி என்னைப் பார்த்தார். "இன்னும் இருக்காடி இதுல?" என்றார். இருந்தது, தாய்மார்களே! இத்தனை வருடமாக இரண்டாவது சரணத்தோடு அறுந்துபோன அந்தப் பாட்டுக்கு மூன்றாவது சரணம் ஒன்று இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, எங்கும் ஓடாமல், எச்சில் கை காய, வாசலில் நின்று கேட்டோம்:

"உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தா அது வீடு,
வெளிப்பக்கம் இருந்தா அதுக்கு வேற பேரு!"

எங்களோடு ஓடி வந்திருந்த என் அக்கா அந்த வரியை ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். சித்தி தன் கக்கத்தில் இருந்த பையைப் பார்த்து, "இது யாரோடதுடி?" என்றார்.

ஐயா அவர்கள் கடிகாரம் பார்க்கிறார்கள். பாடகியம்மாதான் இன்னும் வரவில்லையே ஐயா. வரும்வரை பேசச் சொல்லித்தானே உத்தரவு? கேட்க வேண்டியதற்கு வந்துவிட்டேன்.

போன மாதம் இந்தக் கூடத்தில் இஸ்திரி மேஜையின் வயர் புகைந்தது. "நெருப்பில்லை, வெறும் புகைதான்" என்று மேனேஜர் அவர்கள் மறுநாள் விளக்கினார். உண்மைதான். மூச்சு விடுகிறவர்களுக்குத்தான் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. எல்லோரும் கதவுக்கு ஓடினோம். கதவுக்குத் தெரியும் ஒலி என்று பாட்டு சொல்கிறது. தட்டிப் பார்த்தோம். கதவுக்குத் தெரியவில்லை. சாவி எங்கே? சூப்பர்வைசர் அண்ணனின் பையில். அண்ணன் எங்கே? டீக்கடையில். எங்கள் கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவது வழக்கம். சித்தி இடுப்பில் ஒளித்து வைத்திருந்த ஒன்றால் கூப்பிட்டோம். முறைக்காதீர்கள் சித்தி, இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அங்கே டீக்கடையில் அண்ணனின் பையில் பாட்டு ஒலித்தது. எங்கே போறேன்னு கேக்காதே, எங்கே போறேன்னு கேக்காதே. ஒலித்து ஓய்ந்தது.

என் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்து மூச்சிரைப்பு. குடை நடக்கிறதே, அந்த ஜன்னல்தான். அந்தக் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் டீயை முடித்துவிட்டு வந்து திறந்தார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் கன்னத்தில் கம்பியின் கோடு மட்டும் பொழுது சாயும்வரை இருந்தது.

மறுநாள் காலை பாட்டு ஒலித்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. "தாழ்ப்பாள உள்பக்கம் மாத்தட்டும். அன்னைக்கே வர்றேன்" என்றாள். இந்த வாரம் அதை மேனேஜர் அவர்களிடம் சொன்னேன். அதாவது, சித்தி சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன். மேனேஜர் சொன்னார்: "ஒரு தாழ்ப்பாளுக்காகக் கம்பெனி ரூல மாத்த முடியுமாம்மா? வர்ற திங்கக்கிழமை அவ வரலன்னா மெஷின வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

நாளை மறுநாள் திங்கட்கிழமை. அதோ, சுவரோரம் துணி போர்த்தியிருக்கும் அந்தக் காஜா மெஷின்தான் அவளுடையது. எங்கள் வீட்டுக்குச் சம்பளம் என்று வருவது அதிலிருந்துதான். என்னுடையது வந்த மாதிரி இருக்கும், அவ்வளவே. அவள் கேட்டது கூடுதல் கூலியா? இல்லை. குளிர்சாதனமா? இல்லை. கதவின் ஒரு பக்கத்தில் இருக்கும் இரும்புத்துண்டைக் கழற்றி மறுபக்கத்தில் மாட்டச் சொன்னாள். அதைத்தான் ஐயா, நான் உங்களிடம்...

என்ன சித்தி? பேசிக்கொண்டிருக்கிறேன் சித்தி. ஏன் ஜன்னலுக்குப் போய் நிற்கிறீர்கள்? யார்? ஒலிபெருக்கியில் எனக்குக் கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாக.

அவையோரே, மன்னியுங்கள். ஜன்னலோரம் இருக்கும் சித்தி சொல்வதை அப்படியே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குடைக்கு அடியில் ஓர் அம்மா இருக்கிறாராம். ரொம்ப நேரமாக அங்கேதான் இருக்கிறாராம். வாட்ச்மேன் மாமாவிடம் உள்ளே விடச் சொல்லிக் கேட்டாராம்.

"பாட்டு முடிஞ்சிருச்சும்மா. இனிமே உள்ள விட ஆர்டர் இல்ல" என்றாராம் மாமா.

"அந்தப் பாட்டப் பாடினதே நான்தாம்ப்பா."

"யாரு பாடினா என்னம்மா? முடிஞ்சிருச்சில்ல?"

தாய்மார்களே! இப்போது எனக்குப் புரிகிறது. விழாவைத் தொடங்கும்போது மங்களகரமாக அந்தப் பாட்டைப் போட்டார்கள் அல்லவா? தெருவில் நின்ற நம் அக்காமார்கள் வழக்கம்போல் ஓடி வந்தார்கள். இரண்டாவது சரணம் முடிந்தது. வாட்ச்மேன் மாமா வழக்கம்போல் கதவைச் சாத்தினார், தாழ்ப்பாளைப் போட்டார், பூட்டை அழுத்தினார். விழாவென்றும் பார்க்கவில்லை, விருந்தினர் என்றும் பார்க்கவில்லை. கடமை! அதற்குப் பிறகு அந்தப் பாட்டைப் பாடியவர் வந்திருக்கிறார். அவருக்கும் அரைநாள் சம்பளம் போயிற்று.

சாலை நெரிசலை நாம் வீணாகத் திட்டிவிட்டோம்.

ஐயா, எங்கே எழுகிறீர்கள்? கதவைத் தள்ளிப் பார்க்கிறீர்களா? தாராளமாக. இழுத்தும் பாருங்கள் ஐயா. நாங்களும் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறோம். மேனேஜர் அவர்களே, கொஞ்சம் வேகமாகத் தட்டுங்கள். கணக்கர் அவர்களே, வேர்க்கிறதா? ஜன்னல் பக்கம் போனால் காற்று வரும். கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் வரும்.

"யாருய்யா பூட்டினது?" என்று ஐயா கேட்கிறார்கள். உங்கள் உத்தரவுதான் ஐயா. "சாவி எங்கே?" என்று கேட்கிறார்கள். சூப்பர்வைசர் அண்ணன் பையைத் தொட்டுப் பார்க்கிறார். இருக்கிறதா அண்ணே? இருக்கிறது! சாவி உள்ளே இருக்கிறது. பூட்டு வெளியே இருக்கிறது. அன்றைக்குச் சாவி வெளியே, நாங்கள் உள்ளே. இன்றைக்குச் சாவியும் உள்ளே, நீங்களும் உள்ளே. ஐம்பது வருடத்தில் இந்தப் பாட்டு சமத்துவத்தைக் கொண்டு வரவில்லை என்று யார் சொன்னது? இதோ வந்துவிட்டது!

சித்தி, அந்த அம்மா ஏதோ சொல்கிறாரே, என்ன சொல்கிறார்?

"பாட்டு முடிஞ்சா கதவப் பூட்டுவாங்கன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, இன்னும் நாலு சரணம் சேத்துப் பாடியிருப்பேனேன்னு சொல்றாங்கடி!"

கை தட்டுங்கள். அவர் காதில் விழட்டும். உள்ளே நுழைய முடியாத தன் விழாவில் அவருக்குக் கிடைக்கும் முதல் கைதட்டல்.

நல்லது. நான் முடிக்க வேண்டும். அண்ணே, அந்தச் சாவியை இப்படிக் கொடுங்கள். உங்கள் கை அந்த ஜன்னல் கம்பிக்குள் நுழையாது அண்ணே, பார்த்தாலே தெரிகிறது. என் கை நுழையும். நூல் வெட்டுகிற கை. ஐயாவைப் பார்க்காதீர்கள், ஐயாவும் வெளியே போக வேண்டியவர்தான். கொடுங்கள்.

இதோ, அவையோரே, சாவி. இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஐயா அவர்களே, மேடையில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். இறங்கிவிட்டால் எனக்கு வாய் வராது. என் அக்காவுக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமை தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கும்?

"பாக்கலாம்மா, மொதல்ல கதவத் தொற" என்கிறார்கள் ஐயா.

பார்க்கலாம். எங்கள் ஐம்பது வருடமும் இந்த ஒரு சொல்லில்தான் போயிற்று. பார்க்கலாம் என்றார்கள், பார்த்தோம். பொறுங்கள் என்றார்கள், பொறுத்தோம். பாட்டைப் போட்டார்கள், அந்தப் பாட்டுக்கு ஓடினோம்! பாட்டில் குற்றமில்லை, தாய்மார்களே. பாடியவர் முழுமையாகத்தான் பாடினார். கேட்டவர்கள்தான் தங்களுக்கு வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது சரணம் வரும்வரை நின்று கேட்கிற கால்கள் நமக்கு வேண்டும். அது வரும்வரை திறந்தே இருக்கிற கதவு வேண்டும். நான் கேட்க வந்தது அவ்வளவுதான். கேட்டுவிட்டேன். அக்கா நம்ப மாட்டாள், நீங்கள் சாட்சி.

உப்புக் கேட்கவே வாய் வராதவளை இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டீர்கள். உங்களுக்கு நன்றி. பேசச் சொன்ன சூப்பர்வைசர் அண்ணனுக்கு நன்றி. கடமை தவறாத வாட்ச்மேன் மாமாவுக்கு மிகப் பெரிய நன்றி; அவர் இல்லையென்றால் இந்த விழா இவ்வளவு சிறப்பாக அமைந்திருக்காது. வெளியே நிற்கும் குடைக்கும், உள்ளே நிற்கும் உங்களுக்கும், வீட்டில் இருக்கும் என் அக்காவுக்கும் வணக்கம்.

ஒலிபெருக்கியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். சித்தி நகர்ந்து வழிவிட்டார். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தோள்வரை கையை நுழைத்து, குடைக்கு அடியில் நீண்டிருந்த உள்ளங்கையில் சாவியை வைத்தேன்.

"தொறந்ததும் பூட்டக் கையோட உள்ள கொண்டு வந்துடுங்கம்மா" என்றேன்.